கணக்கறிந்த தொண்டர் ஜே. சி. குமரப்பா

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஆண்டுதோறும் ஒரு பெரியோரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கம். புலவர்கள் வந்துவிட்டனர், போராட்ட வீரர்கள் வந்துவிட்டனர், கணக்கர் ஒருவரும் இதுகாறும் வந்ததில்லை. இரயில்வே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடும் பற்றுச்சீட்டுமாகக் காலம் கழித்துவரும் நமக்கு இது ஒரு குறையாகவே தோன்றி வந்தது. ஆகவே மலர்க் குழுவினர் இவ்வாண்டு எழுதுமாறு பணித்தபோது, தணிக்கைக் கணக்கராகத் தொழில் தொடங்கி, நாட்டு மக்கள் உண்ணும் சோற்றுக்கே கணக்கு எழுதிய தஞ்சைத் தமிழர் ஒருவரைத் தேர்ந்துகொண்டோம்.

இவரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சந்திரகிரிக் கோட்டையின் வரலாறு தெரியும். 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார்க்குச் சென்னைப் பட்டினத்து மணற்பரப்பு கிடைத்தது இங்கிருந்து ஆண்ட விசயநகர மன்னர் காலத்திலே என்பதையும் பள்ளியில் படித்திருக்கின்றனர். ஆனால் கோட்டையின் அடிவாரத்து வயலில் என்ன விளைகிறது, அது யார் வீட்டு உலைக்குப் போகிறது என்று கேட்டால் விடை வருவதில்லை. சென்ற ஆண்டு ஒரு சிறுவன், வேர்க்கடலை மரத்திலே காய்ப்பது என்று நம்மிடம் உறுதியாகக் கூறினான். சுற்றிலும் கடலைக் கொல்லைகளுள்ள ஊரிலே வளரும் பிள்ளை அவன். அவனைக் கண்டித்துப் பயனில்லை. கொல்லைக்கு அழைத்துச் சென்று காட்டாத பெரியவர்களாகிய நம்மிடமே பிழை இருக்கிறது. குமரப்பா தம் வாழ்நாளெல்லாம் செய்தது இவ்வாறு அழைத்துச் சென்று காட்டும் வேலைதான்.

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது இளமைப் பெயர். தந்தையார் மராமத்து இலாகாவில் அலுவல் பார்த்தவர். ஒழுங்கும் நேரந்தவறாமையும் வீட்டிலேயே பயின்றவை. தாயாரிடமிருந்து பெற்றது இறைப்பற்றும் ஏழைகள்பால் இரக்கமும். உடன்பிறந்தாருள் பாரதன் குமரப்பாவும் ஜே. எம். குமரப்பாவும் பின்னாளில் தத்தம் துறைகளில் பெயர் பெற்றனர். குடும்பத்தின் பழம் பெயரான குமரப்பா என்பதை நம்மவர் பிற்காலத்திலேயே மீண்டும் சூடிக்கொண்டார்.

1912-இல் இலண்டன் சென்று கணக்கியல் பயின்று, இன்கார்ப்பரேட்டட் அக்கவுண்டண்டு என்னும் தகுதி பெற்றார். 1919-இல் நாடு திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். வருமானம் நிரம்ப வந்தது. உடையும் பேச்சும் நடையும் ஆங்கிலேயரை ஒத்தன. நாட்டு விடுதலை பற்றியோ கிராமத்து ஏழையைப் பற்றியோ அந்நாளில் அவர் பெரிதும் எண்ணியதாகத் தெரியவில்லை. இதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

திருப்பம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927-இல் அங்குச் சென்றவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றுப் பின் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தார். இந்தியா ஏன் வறுமைப்பட்டது என்பது பற்றி அவர் ஒரு தேவாலயத்தில் ஆற்றிய உரை நாளேட்டில் வெளிவர, அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அதனையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு கூறினார். கணக்கர் அல்லவா? அரசாங்கத்தின் வரவு செலவை ஏடு ஏடாகப் புரட்டினார். வரிப்பணம் குடியானவனிடமிருந்து வந்து எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்பதை எண்களால் கண்டபோது, வெள்ளையர் ஆட்சியின்மேல் அவர் வைத்திருந்த மதிப்புக் கரைந்தது. ஒருவருடைய மேடைப் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர் பலர் உண்டு. வரவு செலவுத் திட்டத்தைப் படித்து மனம் மாறியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவ்வாராய்ச்சியை வெளியிடுவது பற்றிக் கலந்து பேசவே 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். பட்டுச் சட்டையும் கைத்தடியுமாகச் சென்றவர், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைக் கண்டு, குறித்த நேரம் வரவில்லையே என்று நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அம்முதியவர் தலை நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானோ என்று வினவிய பின்னரே, அவர்தாம் காந்தியடிகள் என்பது விளங்கிற்று. உடையின் மடிப்புக் கலைவதைப் பொருட்படுத்தாமல் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழில் வெளியிட இசைந்த அடிகள், குஜராத்தில் ஒரு தாலுக்காவின் கிராமங்களை ஆராய்ந்து தர முடியுமா என்றும் கேட்டார். குஜராத்தி மொழி அறியாமையைக் குமரப்பா தடையாகச் சொன்னார். குஜராத் வித்யாபீடத்து ஆசிரியரும் மாணவரும் உடன் வருவர் என்று அத்தடை நீக்கப்பட்டது.

இந்த மாதர் தாலுக்கா ஆராய்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். கேடா மாவட்டத்தைச் சேர்ந்த அத்தாலுக்காவில் 1929 முடிவிலும் 1930 தொடக்கத்திலும் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று தங்கினர். வீட்டுக்கு எத்தனை பேர், நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விதைக்கு என்ன செலவு, தீர்வை எவ்வளவு, கடன் யாரிடம், ஆண்டில் எத்தனை நாள் வேலையின்றி இருப்பு என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதினர். அதுவரை புத்தகத்தில் பொருளாதாரம் படித்தவர்கள் குடியானவன் திண்ணையில் அமர்ந்து அவனிடமே அதனைப் படித்தனர். குடியானவனுக்கும் ஒரு புதுமை நேர்ந்தது. தீர்வை கேட்க வந்தவரையே கண்டிருந்தவனிடம், உன் கணக்கு என்ன என்று கேட்க முதன்முறையாகச் சிலர் வந்தனர். அவன் வருவாய்க்கும் அவன் கட்டும் தீர்வைக்கும் பொருத்தமே இல்லை என்பது எண்களால் வெளிப்பட்டது. 1931-இல் அந்நூல் வெளிவந்தது. ஒரு கணக்கரும் சில மாணவரும் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அந்நூலைக் காட்டினால் போதும்.

உப்புச் சத்தியாக்கிரக நாள்களில் யங் இந்தியாவில் எழுதினார், சிறை சென்றார், விடுதலையானார், மீண்டும் சிறை சென்றார். இடையில் 1931-இல், பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடன் கணக்கை ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவைக் கூட்டி நடத்தினார்.

1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர் துடைப்புப் பணியில் பணக் கணக்கின் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களின் செலவை நிவாரண நிதியிலிருந்து தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டதாக வரலாற்று நூலோர் கூறுவர். அடிகள் அதற்காக வருந்தவில்லை. பிற்காலத்தில் பெரிய பொறுப்பு ஒன்றையே இவரிடம் ஒப்படைத்தார். பொதுப் பணத்தைக் கையாளும் சங்கத்துப் பொருளாளர்கள் இப்பகுதியை இருமுறை படிப்பது நலம். (நம் சங்கத்துப் பொருளாளர் நண்பர் சிரிப்பார் என்று நம்புகிறோம்.)

அப்பெரிய பொறுப்பு, 1934 டிசம்பரில் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம். குமரப்பா அதன் செயலாளர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்று பெயர் பெற்று அதன் இருப்பிடமாயிற்று. பல மாகாணங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கு வந்து, செக்கில் எண்ணெய் ஆட்டவும் தேனீ வளர்க்கவும் பனஞ்சாற்றில் வெல்லம் காய்ச்சவும் கையால் காகிதம் செய்யவும் கற்றுத் தம் ஊர் திரும்பினர். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டின் விளைவாக, கைத்தொழில் வழியே கல்வி கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவிலும் அவர் இருந்தார். யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அக்குழுவில் இருந்தார் என்பது நமக்குப் பெருமை தருவது. 1938 டிசம்பரில் மகன்வாடியில் ஒரு கண்காட்சிச் சாலையும் திறக்கப்பட்டது.

இங்கே அரிசியின் கதையைச் சொல்லியாக வேண்டும். நெல்லின் உமியை நீக்கியதும் அரிசியின்மேல் செந்நிறத் தவிடு ஒட்டியிருக்கும். ஆலையில் தீட்டித் தீட்டி அதனைப் போக்கினால் அரிசி முத்துப்போல் வெளுக்கும். ஆனால் உயிர்ச்சத்து தவிட்டோடு போய்விடும். தீட்டிய அரிசியே உணவானவர்களுக்கு பெரிபெரி என்னும் நோய் வருவதை ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். நம் குன்னூரிலேயே மக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் கொண்ட பஞ்சாபியர் உணவைத் தின்ற எலிகள் கொழுத்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை நலிந்தன. புழுங்கல் அரிசி உண்போர்க்குத் தீங்கு குறைவு. நெல்லை அவிக்கும்போது சத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடுகிறது. இவ்வுண்மைகளைக் குமரப்பாவின் சங்கத்தார் சிறு நூல்களாகவும் பாடங்களாகவும் ஊர்தோறும் கொண்டு சென்றனர். ஆலை வந்த ஊரில் நெல்குத்தும் பெண்களின் கூலி போயிற்று, தவிடு மாட்டுக்குக் கிடைக்காமல் போயிற்று, அரிசியின் சத்தும் போயிற்று. மூன்றையும் ஒரே ஏட்டில் நட்டமாக எழுத வேண்டும் என்பது அவர் கணக்கு.

இக்கணக்கில் நமக்கு ஓர் ஐயம் உண்டு. அதை மறைக்காமல் எழுதுகிறோம். நம் தாயார் ஊரில் விடியுமுன் உலக்கை பிடித்தவர். முதுமையில் தோள்வலியும் இடுப்புவலியும் அவரை விட்டு அகலவில்லை. கைக்குத்தல் அரிசியின் பெருமையை நாம் ஒருமுறை அவரிடம் விரித்துரைத்தபோது, அவர் ஒன்றும் பேசாமல் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். அப்பார்வை இன்றும் நினைவில் இருக்கிறது. மகன்வாடியார் உலக்கைக்குப் பதிலாக எளிய உமி நீக்கும் திரிகைகளைப் பரப்ப முயன்றது இந்தப் பாரத்தைக் குறைக்கத்தான். எனினும் அவை ஊர்தோறும் பரவுமுன் ஆலை பரவிவிட்டது. நம் வீட்டிலும் வெள்ளை அரிசியே உலையில் ஏறுகிறது.

எண்ணெய்க் கணக்கில் அவர் கண்டது முற்றிலும் மெய்யாயிற்று. கடலை எண்ணெயைக் கெட்டியாக்கி நெய்போல் விற்கும் வனஸ்பதியைக் காந்தியடிகளும் அவரும் கடுமையாக எதிர்த்தனர். பழமைவாதிகள் என்று அன்று நகைத்தவர் உண்டு. அவ்வாறு எண்ணெயைப் பகுதியளவு கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதய நோய்க்கு வழி கோலும் என்று பிற்கால மருத்துவம் கண்டது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதனை நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாமல் சட்டம் கட்டுப்படுத்தியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, சர்க்கார் காகித நோட்டை அச்சிட்டுக் கொடுத்துக் குடியானவனின் தானியத்தை அள்ளிக்கொண்டு போவதைக் கண்டித்து எழுதியதற்காகத் தண்டனை பெற்றார். 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தனர். ஜபல்பூர்ச் சிறையிலிருந்தபோது அவர் எழுதியதே நிலைபேறுடைய பொருளாதாரம் பற்றிய நூல். புலி கொன்று தின்கிறது. குரங்கு உழைக்காமல் பறித்துத் தின்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை பயன் கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. மனிதர் நடத்தும் பொருளாதாரமும் இவ்வைந்தில் ஒன்றாக அமையும் என்று அதில் வகுத்தார். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஷூமாக்கர், 1973-இல் வெளியிட்டு உலகெங்கும் படிக்கப்பட்ட தம் நூலில் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார்.

அந்நூலில் சமன்பட்ட பயிர்த்தொழில் என்னும் பகுதி நம் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஒரு இலட்சம் மக்கள் வாழும் வட்டாரம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஒருவருக்கு நாள் ஒன்றுக்குத் தானியம் 16 அவுன்ஸ், பருப்பு 2 அவுன்ஸ், பால் 12 அவுன்ஸ், காய்கறி 8 அவுன்ஸ், இன்னும் வெல்லம், எண்ணெய், கனி, கிழங்கு என்று வகுத்து, 2,860 கலோரி வருமாறு கூட்டுகிறார். அதற்குப் பின்தான் நிலத்துக்கு வருகிறார். இவ்வளவும் விளைய எப்பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பங்கிடுகிறார். ஆலைக்காகத் தடித்த தோல் கரும்பும், ஏற்றுமதிக்காகப் புகையிலையும் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொண்டால் தானியமும் காய்கறியும் எங்கே விளையும்? வெல்லத்தைப் பாழ்நிலத்துப் பனையிலிருந்து எடுக்கலாமே என்பது அவர் யோசனை. சந்தையில் எது விலை போகும் என்று தொடங்காமல், பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று தொடங்கிய விவசாயத் திட்டம் அது. மாட்டுச் சாணமும் மலக்குழி எருவும் மக்கிய குப்பையும் நிலத்துக்கே திரும்ப வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். விதையும் தானியமும் அவ்வட்டாரத்துப் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்றார்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராகி, 1949 ஜூலையில் அறிக்கை அளித்தார். உழுபவனுக்கே நிலம் வேண்டும், இடைத்தரகர் வேண்டாம், ஆதாயமான பண்ணை அளவின் மும்மடங்குக்கு மேல் ஒருவரிடம் நிலம் கூடாது, மிகச் சிறு நிலத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து பயிரிட வேண்டும் என்பன அதன் சாரம். குழுவுக்குள்ளேயே மாறுபட்ட கருத்தும் பதிவாயிற்று. நாட்டின் திட்டங்களோ பெரிய ஆலைகளையும் அணைகளையும் நோக்கிச் சென்றன. உடன் சிறையிருந்த நண்பர்கள் அமைச்சர்களாகிவிட, இவர் அவர்களோடு ஓயாமல் வாதாடினார். டிராக்டர் சாணம் போடாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. முன்கோபி என்றும் அவரைக் கூறுவர், அதுவும் உண்மையே. சொல்வதை மெல்லச் சொல்லியிருந்தால் இன்னும் சிலர் கேட்டிருப்பர் என்று நாம் எண்ணுவதுண்டு.

அவர் மறைந்து ஆறாண்டுக்குள், 1965-66 பஞ்ச காலத்தில் அமெரிக்கக் கப்பல் கோதுமையை நாடு எதிர்பார்த்து நின்றது. புதிய வித்துகளும் இரசாயன உரமும் அந்நிலையை மாற்றின என்பதை மறுப்பது நியாயமன்று. எனினும் அதற்குரிய விலையும் ஏட்டில் ஏறியது. நாம் வாழும் இந்த இராயலசீமையில் கேழ்வரகும் கம்பும் சாமையும் விளைந்த புன்செய்கள் பெரிதும் வேர்க்கடலைக்கு மாறின. மழை பொய்த்த ஆண்டில் கடலையும் இல்லை, களி கிண்டக் கேழ்வரகும் இல்லை என்ற நிலை உண்டாயிற்று. 2016 முதல் ஆந்திர அரசு இயற்கை விவசாயத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அதில் ஒரு குடியானவர்க்கு மற்றொரு குடியானவரே ஆசிரியர். மகளிர் சுய உதவிக் குழுக்களே அதன் முதுகெலும்பு. 2024-இல் போர்த்துகல் நாட்டின் குல்பென்கியன் பரிசில் அத்திட்டத்திற்கும் பங்கு கிடைத்தது. அதை நடத்துவோர் குமரப்பாவைப் படித்தவர்களோ அல்லரோ, மாதர் தாலுக்காத் திண்ணையை நாம் அதில் காண்கிறோம்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். காந்தியடிகள் மறைந்த பின் வார்தாவுக்கு அருகில் சேல்டோ என்னும் சிற்றூரில் பண்ணை ஆசிரமம் அமைத்துத் தம் பயிர்த்தொழில் கருத்துகளைச் சோதித்துப் பார்த்தார். தமிழ்ச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தது நினைக்க இனிமையாயிருக்கிறது. இரத்த அழுத்த நோய் முற்றவே, 1950-களில் தமிழ்நாடு திரும்பி, மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் வேங்கடாசலபதி 1940-இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சேர்த்து வைத்ததும் ஒன்றுமில்லை. கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் எழுதுவதுமாக நாள்கள் சென்றன. சென்னைப் பொது மருத்துவமனையில் 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், 68-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

அவருடைய குடிலில் ஏழைக் குடியானவன் ஒருவனின் படம் இருந்தது. பார்க்க வந்தவர்கள் அது யார் என்று கேட்டால், தம் தலைவர் காந்தியடிகள் என்றும், அத்தலைவருக்கும் தலைவர் இந்தக் குடியானவன் என்றும் அவர் விளக்குவாராம்.